பதினேழாம் எண்ணுக்கு ஒரு மார்க்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் தராசு. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது, அதையும் யாரும் படிப்பதில்லை. மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் இரண்டாவது மேசை. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "மேனேஜர்களுக்கு மார்க் போடறேன்" என்பாள். கேட்டவர் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிரிப்பார். காலம் காலமாக மேனேஜர்கள்தானே மற்றவர்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், திருப்பிப் போட ஓர் ஆள் இருப்பது யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

'மேலாளர்களின் உணர்வுசார் நுண்ணறிவை அளவிடும் ஆய்வு' என்று கதவில் பலகை தொங்கியது. உள்ளே இருந்தவர்கள் அவ்வளவு நீளத்துக்கு மூச்சுப் பிடிக்க மாட்டாமல் மனசு மார்க் என்று சுருக்கிவிட்டார்கள். இஷ்டப்பட்ட மேனேஜர் ஒருவரோடு பேட்டி எடுப்பவர் உட்கார்ந்து ஐந்து கேள்வி கேட்பார். பேச்சைப் பதிவு செய்வார்கள். தட்டச்சு செய்பவர் ஆள் பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஓர் எண்ணைப் போட்டுக் காகிதமாக்குவார். அதை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, ஒவ்வொரு பதிலுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மார்க் போட வேண்டும். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியக் கூடாது. இரண்டு மார்க்குக்கும் நடுவே ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால், இருவரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து காரணம் சொல்ல வேண்டும். டாக்டரம்மா ஊசி போடுகிற டாக்டர் இல்லை, இந்த ஆராய்ச்சிக்குத் தலைவி.

மூன்று வருடத்தில் அவள் போட்ட மார்க் ஒரு தடவைகூட மற்றவர் மார்க்கிலிருந்து ஒன்றுக்கு மேல் விலகியதில்லை. தராசு என்ற பெயர் அப்படி வந்தது. அது சும்மாவும் வந்துவிடவில்லை. இருபது வயதில் தட்டச்சுப் பயிற்சி. அப்புறம் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாரோ நடத்திய கணக்கெடுப்புக்காக எத்தனை லாரி போகிறது, எத்தனை சைக்கிள் போகிறது என்று கோடு கிழித்தது. அதன் பிறகு வீடு வீடாகப் போய் எந்த சோப்பு வாங்குகிறீர்கள் என்று கேட்டு, முகத்தில் கதவடி வாங்கியது. அந்த வேலையில்தான் அவளுக்கு ஆளை எடைபோடும் கலை வந்தது. கதவு திறக்கிற வேகத்திலேயே உள்ளே சண்டையா, தூக்கமா, துக்கமா என்று சொல்லிவிடுவாள். முப்பத்தெட்டு வயதில் டாக்டரம்மா கூப்பிட்டு வேலை கொடுத்தபோது, இத்தனை வருடம் அலைந்ததெல்லாம் இந்த நாற்காலிக்காகத்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஊரார் மனதை எடைபோடுவதில் அவளை அடிக்க ஆளில்லை. வீட்டில் மட்டும் அந்தப் பட்டம் வேறு ஒருத்திக்குப் போயிருந்தது.

அந்த ஒருத்தி அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. வீட்டில் இவள் பெரியவள், அவள் சின்னவள். பெரியவளும் அவள் கணவரும் மகளும் மாமியாரும் கீழ்த்தளம். கொழுந்தனும் சின்னவளும் மாடி. பெரியவளின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழும் போய்வருவதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் எந்தப் பக்கமும் சாயாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். சின்னவள் ஒரு பார்சல் கிடங்கில் மேனேஜர். அவளுக்குக் கீழே நாற்பது பேர்.

மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆறு மாதம். மாத்திரை கொடுப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, அலசுவது, துவைப்பது எல்லாம் பெரியவள். சின்னவள் ஏழு மணிக்கு வேலையிலிருந்து வந்து, கட்டில் ஓரத்தில் பத்தே நிமிடம் உட்காருவாள். "இன்னிக்கு வலி எந்தப் பக்கம் அத்தை?" என்று கேட்பாள். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டாள். மாமியார் முகத்தில் விளக்குப் போட்டது மாதிரி ஆகிவிடும். "இவ ஒருத்திக்குத்தான் என் மனசு தெரியுது" என்பார், பெரியவள் மாற்றிவிட்ட படுக்கை விரிப்பின் மேல் சாய்ந்துகொண்டு. பெரியவள் அடுக்களையில் பாத்திரத்தை வைக்கிற வைப்பில் வீடே அதிரும். வயிற்றெரிச்சல் என்பது வெறும் வார்த்தை இல்லை, நெஞ்சுக்குழிக்குக் கீழே நிஜமாகவே எரியும் என்று அவளைக் கேட்டால் இடத்தைத் தொட்டுக் காட்டுவாள்.

இதையெல்லாம்கூட மென்று விழுங்கிவிட்டாள். விழுங்க முடியாதது பனியன் விஷயம்.

மகளுக்குப் பதினாறு வயது. பள்ளிக் கூடைப்பந்து அணியில் இருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் ஆட்டம். வியாழன் சாயங்காலம் பெரியவள் அந்த மஞ்சள் பனியனைத் துவைத்து, முதுகில் இருக்கும் எண் உரிந்துவிடாமல் மேலே துணி போட்டுத் தேய்த்து வைப்பாள். ஒரு வியாழக்கிழமை, இஸ்திரிப் பெட்டி கையில் இருக்கும்போது மகள் வந்து, "இனிமே அத தேய்க்க வேண்டாம்மா. என்னை டீம்ல இருந்து எடுத்துட்டாங்க" என்றாள்.

"எப்போ?"

"ரெண்டு வாரம் ஆச்சு. வெள்ளிக்கிழமை லைப்ரரியில உக்காந்துட்டு வந்துடுவேன்."

"ரெண்டு வாரமா யார்கிட்டயும் சொல்லாமலா இருந்தே?"

"சித்திகிட்ட அன்னிக்கே சொன்னேனே" என்றாள் மகள், வெகு சாதாரணமாக.

இரண்டு வியாழக்கிழமை, இல்லாத ஆட்டத்துக்குப் பனியன் தேய்த்திருக்கிறாள். அந்த இரண்டு நாளும் சின்னவள் பக்கத்தில் நடந்து மாடி ஏறிப் போயிருக்கிறாள். "என்னக்கா, இன்னும் வேலை முடியலையா?" என்று ஒரு தடவை கேட்கவும் செய்தாள். பெற்ற வயிறு ஒன்று இங்கே இருக்க, குழந்தை பெறாதவளிடம் பெண் போய் அழுதிருக்கிறாள். பெரியவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். பனியனை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். அன்றிலிருந்து ஓர் ஆசை மட்டும் அவளைப் பிடித்துக்கொண்டது: இந்த மகராசிக்கு யாராவது ஒருவர், ஒரே ஒருவர், குறைந்த மார்க் போட வேண்டும்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, கொடியில் துணி எடுக்கும்போது சின்னவள் கேட்டாள்: "அக்கா, உங்க ஆபீஸ்காரங்க எங்க கிடங்குக்கு வராங்களாம். இஷ்டம் இருந்தா பேசலாமாம். நான் சொல்றத யாரு படிப்பாங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் பெரியவளுக்குத் தூக்கத்திலும் வரும். ஆய்வில் கலந்துகொள்பவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துக்காட்டும் வாசகம் அது. எழுதும்போது பக்கத்திலேயே இருந்தவள் அவள்.

"உன்னைத் தெரிஞ்சவங்க யாரும் படிக்க மாட்டாங்க. மனசு விட்டுப் பேசு" என்றாள்.

சொன்னபோது அது பொய் இல்லை. அலுவலகத்தில் அதற்கு ஏற்பாடு இருந்தது. உறவினர் யாராவது ஆய்வில் இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க ஒரு படிவம் உண்டு. அதையும் மீறி, படிக்கும்போது இன்னார் என்று தெரிந்துவிட்டால், அந்த வரியோடு நிறுத்திக் காகிதத்தை நீலப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். மூன்று வருடத்தில் அந்தப் பெட்டிக்குள் போனது ஆறே ஆறு கட்டு. அதில் இரண்டு பெரியவள் போட்டது. பழைய வீட்டுக்காரரை நாலாவது வரியில் கண்டுபிடித்துப் பெட்டியில் போட்ட கதையைப் புதிதாகச் சேருபவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்வாள்.

இந்தத் தடவை படிவத்தைக் கையில் எடுத்தாள். எங்கோ இருநூறு பேரில் ஒருத்தி, நம் மேசைக்கா வரப்போகிறது என்று காலியாகவே திருப்பிக் கொடுத்தாள். வந்தால் வரட்டுமே என்று உள்ளே ஒரு குரல் சொன்னதையும் அவள் கேட்காமல் இல்லை.

வந்தது. எண் பதினேழு. மூன்றாவது வரியில் தெரிந்துவிட்டது. வழக்கமாக வாசல் பக்கம் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு தொழிலாளி, திடீரென்று கழிப்பறைச் சுவரோரம் போய்த் தனியாக உட்கார்ந்ததைப் பார்த்து, அவருக்குக் காது கேட்பது குறைந்துகொண்டு வருகிறது என்று மேனேஜர் கண்டுபிடித்த கதை. கூட்டத்தில் உட்கார்ந்தால் யார் என்ன சொல்கிறார்கள் என்று புரியாமல் சிரிக்க வேண்டியிருக்கிறது என்பதால் ஒதுங்கியிருக்கிறார் மனிதர். இந்தக் கதையைச் சாப்பாட்டு மேசையில் பெரியவள் மூன்று தடவை கேட்டிருக்கிறாள். மாமியார் கேட்டு வாங்கி இரண்டாம் தடவை, கொழுந்தனின் நண்பர் வந்தபோது மூன்றாம் தடவை.

நீலப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. "இன்னும் நாலு வரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பக்கத்தைப் புரட்டினாள்.

நாலாவது கேள்வி எல்லோரையும் தடுக்கிவிழ வைக்கும் கேள்வி: 'ஒருவருடைய மனதைப் புரிந்துகொள்வதில் நீங்கள் தவறிய ஒரு சமயத்தைச் சொல்லுங்கள்.' பெரும்பாலான மேனேஜர்கள் இங்கே தங்கள் தவறைச் சொல்வது மாதிரி தங்கள் பெருமையைச் சொல்வார்கள். பெரியவள் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு படித்தாள்.

'கிடங்குல இல்ல, எங்க வீட்டுல. ஒரு அக்கா இருக்காங்க. அவங்க பொண்ணு ஒரு விஷயத்தை அவங்களுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லிச்சு. போய் அம்மாகிட்ட சொல்லுன்னு நான் அனுப்பியிருக்கணும். அனுப்பல. ஏன்னா எனக்குப் பிடிச்சிருந்தது. என்கிட்ட முதல்ல வந்து சொன்னது பிடிச்சிருந்தது. அந்த அக்கா பாட்டுக்கு அந்தப் பொண்ணோட பனியனைத் தேய்ச்சிட்டிருந்தாங்க. அது வேண்டாத வேலைன்னு எனக்குத் தெரியும். பார்த்துக்கிட்டே மாடி ஏறிட்டேன். அவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு எனக்குப் புரியாம இல்ல. புரிஞ்சுது. புரிஞ்சும் செஞ்சேன். இன்னும் மன்னிப்பு கேக்கல.'

மார்க் போடும் விதிப்புத்தகத்தைத் திறக்கவே தேவையில்லை. தன் உணர்ச்சியைப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டது, அடுத்தவருக்கு நேர்ந்த வலியைச் சரியாகச் சொன்னது, சாக்குச் சொல்லாதது. நாலுக்கு நாலு. வேறு யார் சொல்லியிருந்தாலும் பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு நாலு போட்டிருப்பாள்.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தப்பு செய்ததிலும் அவளுக்கே முதல் மார்க்கா? என் வயிற்றெரிச்சலை எடுத்து, அதில் குளிர்காய்ந்து, அதையும் அழகாகச் சொல்லி, நாலு மார்க் வாங்கிக்கொண்டு போவாளா? பெரியவள் மார்க் கட்டத்துக்குள் 1 என்று எழுதினாள். பென்சில் முனை ஒடிந்தது. காரணம் என்ற இடத்தில் 'வெறும் பேச்சு. செயலில் மாற்றம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்தபோது, பல மாதங்களுக்குப் பிறகு வயிறு எரியவில்லை.

பதினேழாம் எண்ணைப் படித்த இன்னொருவர் குடைக்காரர். வெயிலோ மழையோ குடை இல்லாமல் வர மாட்டார், அதிர்ந்தும் பேச மாட்டார். அவர் நாலு போட்டிருந்தார். மூன்று மார்க் வித்தியாசம். அலுவலகத்தில் சேதி பரவி, ஆளுக்கு ஆள் எட்டிப் பார்த்தார்கள். தராசு சாய்ந்துவிட்டதே!

வியாழக்கிழமை காலை டாக்டரம்மா அறையில் உட்கார்ந்தார்கள். முதலில் குடைக்காரர் பேசினார். "இந்தம்மா எதையும் மூடி மறைக்கல. பிடிச்சிருந்ததுன்னு சொல்றாங்க பாருங்க, அதை ஒத்துக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? அதான் நாலு." காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆனா மேடம், படிச்சு முடிச்சதும் எனக்கு அந்தம்மா நினைப்பு வரல. அந்த அக்காவைத்தான் நினைச்சுக்கிட்டேன். பாவம், வேலை மெனக்கெட்டுப் பனியன் தேய்ச்சிருக்காங்க. வீட்டுல ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க."

டாக்டரம்மா திரும்பினார். "நீங்க சொல்லுங்க தராசு."

தப்பிக்க வழி இருந்தது, ரொம்ப சுலபமான வழி. 'சார் சொல்றது சரி, நான் அவசரத்துல போட்டுட்டேன், நாலுன்னு மாத்திக்கலாம்' என்றால் கதை முடிந்தது. காபி குடித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். நேர்மை அவளைத் தடுத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. அந்த 'பாவம்' என்ற சொல்தான் அவளைக் கவிழ்த்தது. அவளுக்காக ஒருவர் பாவம் என்று சொல்லி எத்தனை வருடமாயிற்று! அந்தப் பாவம் யாரோ ஊர் பேர் தெரியாத அக்காவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தனக்குச் சேர வேண்டியதை இன்னொருத்தி வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை, அந்த இன்னொருத்தி தானேதான் என்றாலும்.

"அந்த அக்கா நான்தான் சார்" என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

குடைக்காரர் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். டாக்டரம்மா பதினேழாம் எண் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "எத்தனாவது வரியில தெரிஞ்சுது?"

"மூணாவது வரி."

"மொத்தம் எத்தனை?"

"இருநூத்தி பதினொண்ணு."

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தாளில் எழுதிக்கொண்டே சொன்னார்: "இந்தத் தடவை நீங்க மார்க் போட்ட நாப்பத்தாறு பேருக்கும் வேற ஒருத்தர் திரும்பப் போடணும். பதினேழை ஆய்விலேர்ந்து எடுத்துடணும். அவங்களுக்கு நாம கடிதம் எழுதணும். வாக்கு குடுத்தோம், காப்பாத்தல, இன்னார் படிச்சுட்டாங்கன்னு. திங்கட்கிழமை போகும். அதுக்கு முன்னாடி நீங்களே சொல்றதா இருந்தா சொல்லிடுங்க. இனிமே மார்க் போடற வேலை உங்களுக்கு வேண்டாம். கீழே, உறை ஒட்டற பிரிவுல இடம் இருக்கு." அதற்குப் பிறகு டாக்டரம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அடையாள அட்டையில் இருந்த பெயர். அது யாரையோ கூப்பிடுவது மாதிரி இருந்தது.

அன்று மாலை ஏழே காலுக்குச் சின்னவள் மாமியார் கட்டிலில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மாடி ஏறினாள். பெரியவள் பின்னாலேயே ஏறினாள். கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் மாடிக்கு அவள் காரியம் இல்லாமல் போனதில்லை. சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்து, விரல்களில் ஒட்டியிருந்த பார்சல் டேப் துணுக்குகளை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ பேசினதை நான் படிச்சுட்டேன். பதினேழு. மூணாவது வரியிலயே நீன்னு தெரிஞ்சுடுச்சு. நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. படிச்சு மார்க்கும் போட்டேன். ஆபீஸ்ல சொல்லிட்டேன். திங்கட்கிழமை உனக்குக் கடிதம் வரும்." ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

சின்னவளின் காது மடல் சிவந்தது. எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள். நாற்பது பேரைக் கட்டி மேய்ப்பவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அதைப் பார்க்கப் பெரியவளுக்கு, இந்த நிலைமையிலும், கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

"தெரிஞ்சவங்க யாரும் படிக்க மாட்டாங்கன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க? கொடியாண்ட நின்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"உங்களை நம்பித்தான் பேசினேன்." குரல் உடைந்தது. விரலில் மிச்சமிருந்த டேப்பை உரித்தெடுத்துவிட்டுக் கேட்டாள். "எத்தனை போட்டீங்க?"

"ஒண்ணு."

"இன்னொருத்தர்?"

"நாலு."

சின்னவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. டேப் துணுக்கை உருட்டிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னாள்: "நாலெல்லாம் இல்லக்கா. போன வாரம் உங்க பொண்ணு இன்னொரு விஷயமும் வந்து சொன்னா. அம்மாகிட்ட போய்ச் சொல்லுன்னு நான் அப்பவும் சொல்லல. நீங்க போட்டதுதான் சரி."

வெறும் பேச்சு, செயலில் மாற்றம் இல்லை. பெரியவள் பொறாமையில் கிறுக்கியது அச்சு அசலாக உண்மை. அவள் ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. அந்த மகராசிக்கு ஒரு மார்க்தான், அதுவும் அவள் வாயாலேயே. ஆனால் எழுதி வைக்க ஒரு காகிதம் கிடையாது. பதினேழாம் எண்ணையே எடுத்துவிட்டார்கள், தராசையும் எடுத்துவிட்டார்கள். சந்தோஷம் வரும் வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை.

"என்ன விஷயம்?"

"அவகிட்டயே கேளுங்கக்கா. நான் சொன்னா அது மூணாவது தப்பு."

பெரியவள் இறங்கி வந்தாள். மகள் கட்டிலில் குப்புறப் படுத்துப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள், அல்லது படிப்பதுபோல இருந்தாள். என்னடி மறைக்கிறே என்று கேட்கத்தான் உள்ளே போனாள். வாய் வரை வந்த கேள்வி திரும்பிப் போய்விட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இந்தக் கட்டிலில் விரிப்பு மாற்றியிருக்கிறாள், பனியன் தேடியிருக்கிறாள். உட்கார்ந்தது எப்போது என்று நினைவில்லை.

"நான் இன்னிக்கு ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன். பெரிய தப்பு பண்ணிட்டேன். என் வேலையை மாத்திட்டாங்க" என்றாள்.

மகள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அம்மா இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. "என்னம்மா ஆச்சு? சித்திக்குத் தெரியுமா?"

வழக்கமான இடத்தில் சுருக்கென்றது. பெரியவள் அதை அடக்கிக்கொண்டு பதில் சொன்னாள்.

"அவகிட்டதான் முதல்ல சொன்னேன்."

மகள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு, சிரிப்பா அழுகையா என்று எந்தத் தராசாலும் சொல்ல முடியாத ஒரு குரலில் கேட்டாள்:

"நீயுமாம்மா?"